முதற் போர்வை சிறியதாக இருக்கட்டும்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டிலே முதலிற் கேட்கும் குரல், "பொழுது போகவில்லை" என்னும் முறைப்பாடேயாகும். முதல் மூன்று நாட்களும் விளையாட்டிலும் உறக்கத்திலும் கழிந்துவிடும். நான்காம் நாள் தொடக்கம் பிள்ளைகள் தாயின் பின்னாலும் அம்மம்மாவின் பின்னாலும் திரிந்து, தமக்கும் ஏதாவது ஒரு வேலை வேண்டுமென்று நச்சரிக்கத் தொடங்குவர். கையிலே தொலைபேசியைக் கொடுத்து அவர்களை அடக்கிவிடுவது இன்று எளிது. ஆனால், வேலை கேட்கும் பிள்ளைக்கு வேலையைக் கொடுப்பதே முறை என்று கருதும் தாய்மாரும் நம்மிடையே இல்லாமலில்லை.

அத்தகைய தாயொருவர் இவ்வாரம் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு எட்டு வயது. உறவினர் வீட்டிலே, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த கட்டில் விரிப்பொன்றைக் கண்டு வந்த நாள் முதல், தனக்கும் அப்படியொன்று வேண்டுமென்றும், தானும் சேர்ந்து தைப்பேன் என்றும் அச்சிறுமி பிடிவாதம் பிடிக்கிறாளாம். வீட்டிலே தையல் வேலை நடப்பதால் வெட்டுத் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய உள்ளன. தாயும் மகளுமாகச் சேர்ந்து ஒரு கட்டில் விரிப்பை இவ்விடுமுறைக்குள் தைத்து முடித்துவிடலாமா, அதற்கு எந்த மாதிரியைத் தெரிந்தெடுக்கலாம் என்பன அவருடைய வினாக்கள்.

துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று பொருத்தி மேற்பக்கமாக்கி, அடியிலே வேறொரு துணியையும் நடுவிலே மென்மையான துணியையும் வைத்து, மூன்று படைகளும் விலகாதபடி இணைத்துவிடும் இப்போர்வையை ஆங்கிலத்திலே 'குயில்ற்' என்பர். நாம் இங்கே ஒட்டுப் போர்வை என்று சொல்வோம். அதனைப் பிள்ளையோடு சேர்ந்து தைக்க விரும்பும் சகோதரியைப் பாராட்டுகிறோம். எனினும், கட்டில் விரிப்பைத் தொடங்கலாமா என்ற வினாவுக்கு எமது விடை, வேண்டாம் என்பதே. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுவோம்.

கணக்கைப் பாருங்கள்

ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு ஏறக்குறைய 60 அங்குல அகலமும் 92 அங்குல நீளமும் உள்ள விரிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடிந்தபின் 4 அங்குலச் சதுரமாக நிற்கும் துண்டுகளால் அதனை ஆக்குவதாயின், அகலத்துக்கு 15 துண்டுகள், நீளத்துக்கு 23 வரிசைகள், ஆக 345 துண்டுகள் வெட்டவேண்டும். தையலுக்காக நான்கு பக்கமும் அரை அங்குலம் விடவேண்டுமாதலால், வெட்டும்போது ஒவ்வொரு துண்டும் 5 அங்குலச் சதுரமாக இருக்கும். துண்டுகளை வரிசையாக இணைப்பதற்கும், பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கும் இடவேண்டிய தையலின் மொத்த நீளம் 2,952 அங்குலம். அதாவது 82 யார். ஓரத் தையலும் படைகளை இணைக்கும் தையலும் இந்தக் கணக்கிற் சேரவில்லை.

எட்டு வயதுப் பிள்ளை கையூசியால் நாளொன்றுக்கு 10 அங்குலம் தைத்தால் அது நல்ல வேலை. அவ்வாறு ஒரு நாளும் தவறாமல் தைத்தாலும் 296 நாட்கள் செல்லும். எந்த விடுமுறைக்கு அத்தனை நாள் உண்டு? மிகுதியைத் தாயே இயந்திரத்தில் ஓட்டி முடிக்க நேரும். அப்பொழுது அது தாயின் விரிப்பாகிவிடும். மகள் பக்கத்திலே நின்று துண்டு எடுத்துக் கொடுத்தவளாகிவிடுவாள்.

எமது அநுபவம்

இதனை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நாமே ஒருமுறை அகலக்கால் வைத்து விழுந்தமைதான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், எமது மூத்த மகளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அவளும் நாமுமாக ஒரு கட்டில் விரிப்பைத் தொடங்கினோம். வீட்டிலே இருந்த சீத்தைத் துணித் துண்டுகளையெல்லாம் வெட்டி, நிறம் நிறமாக அடுக்கி, மாமரத்தின் கீழே பாய் விரித்து உட்கார்ந்து தைத்தோம். முதல் வாரம் மிக மகிழ்ச்சியாகச் சென்றது. ஆனால், மகளுடைய தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நீண்டும், மண்ணிலே புழு ஊர்ந்த தடம்போல வளைந்து சென்றது. வீட்டுக்கு வருவோர் கண்ணிலே படப்போகும் விரிப்பு அல்லவா என்ற எண்ணம் எமக்கு வந்துவிட்டது. பிள்ளை உறங்கியபின் விளக்கடியிலே உட்கார்ந்து, அவள் தைத்த இணைப்புகளைப் பிரித்து, நேராகத் தைத்து, மடித்து வைத்துவிட்டுப் படுத்தோம். அடுத்தடுத்து மூன்று இரவுகள் இவ்வாறு செய்தோம்.

நான்காம் நாட் காலை அவள் ஒரு வரிசையைக் கையிலே எடுத்தாள். அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நான் தைச்சதில்லை, அம்மா" என்றாள். அழவுமில்லை; சண்டை பிடிக்கவுமில்லை. துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். அதன்பின் நாம் எத்தனை முறை அழைத்தும் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி அவள் ஊசியைத் தொடவேயில்லை. பாடசாலையிலே தையற் பாடம் வந்தபோதும் மனமில்லாமலே படித்தாள். அந்த வரிசைகள் ரங்குப் பெட்டியின் அடியிலே பல ஆண்டுகள் கிடந்தன. பின்னர் ஒவ்வொன்றாக மேசை துடைக்கும் துணியாகித் தீர்ந்தன.

அன்று நாம் செய்த பிழைக்கு வேர், நாம் தெரிந்தெடுத்த வேலையின் அளவிலேயே இருந்தது என்பதைப் பின்னாளிலேதான் உணர்ந்தோம். வேலை பெரிதாயின் அது பெரியவர்களின் வேலையாகிவிடும். அதன் அழகைப் பற்றியும், செலவான துணியைப் பற்றியும், பிறர் சொல்லப்போவதைப் பற்றியும் பெரியவர்களுக்குக் கவலை பிறந்துவிடும். அக்கவலை பிறந்தபின் பிள்ளையின் கையைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

எதைத் தெரிந்தெடுப்பது?

ஆகவே, பிள்ளையோடு முதன்முதலிலே தைக்கும் பொருளைத் தெரியும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை தன் கையாலேயே தைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்திலே முடிக்கக்கூடியதா? எல்லாத் தையலும் நேர்கோட்டிலே செல்கின்றனவா? முடிந்தபின் அது பிள்ளைக்கே உரிய, பிள்ளையே பயன்படுத்தும் பொருளா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய பொருளையே எடுக்க வேண்டும்.

சூடான சட்டியை இறக்கும் பிடிதுணி சிறியதாயிற்றே, அதனைத் தைக்கலாமே என்று சிலர் கருதக்கூடும். வெப்பம் கையிலே படாதிருக்க அதற்குப் பல படைகள் வேண்டும்; அத்தனை தடிப்பை ஊடுருவிப் பிள்ளையின் ஊசி செல்லாது. தலையணை உறைக்குத் திறப்பும் மூடியும் அமைக்க வேண்டும். நட்சத்திர வடிவங்களுக்கு முக்கோணத் துண்டுகள் வேண்டும். துணியைச் சரிவாக வெட்டிய ஓரம் இழுபட்டு நீளுமாதலால் முக்கோணங்கள் பொருந்தாமற் பிள்ளையைச் சலிப்படையச் செய்யும். தேன்கூடு போன்ற அறுகோணங்கள் அழகானவையே. ஆயினும், கடதாசியின்மேல் ஒவ்வொன்றையும் மடித்துக் கட்டித் தைக்கும் அவ்வேலை, பத்து வயதுக்கு மேற்பட்டு ஊசி பழகிய பிள்ளைக்கே ஏற்றது.

எமது தெரிவு ஒன்பது சதுரங்களால் ஆகிய பாவைப்பிள்ளைப் போர்வையாகும். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைகள். முடிந்தபின் பக்கத்துக்கு 12 அங்குலம். இதற்கும் கணக்குப் பாருங்கள். துண்டுகளை வரிசையாக்க ஆறு சிறிய இணைப்புகள், அவை 30 அங்குலம். வரிசைகளைப் பொருத்த இரண்டு நீண்ட இணைப்புகள், அவை 26 அங்குலம். திருப்புவதற்கு 4 அங்குலம் விட்டுச் சுற்றிவரத் தைக்க 44 அங்குலம். ஆக மொத்தம் 100 அங்குலம். நாளொன்றுக்கு 10 அங்குலம் என்றால் பத்து நாள். வெட்டுவதற்கும் அடுக்குவதற்கும் முடிச்சிடுவதற்கும் மேலும் மூன்று நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மழையிலும் ஒருநாள் கோயிலிலும் கழிந்தாலும் விடுமுறைக்குள் முடிந்துவிடும்.

பாவைப்பிள்ளையோடு விளையாடாத ஆண் பிள்ளைக்கும் இதே அளவு பொருந்தும். அவனுடைய பூனைக்குட்டி படுப்பதற்கோ, மேசையிலே அவன் தட்டை வைத்துண்பதற்கோ அது உதவும். ஊசியும் நூலும் பெண் பிள்ளைக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணத்தை நாம் விட்டுவிடலாம். நம் ஊர்களிலே தையற்கடை வைத்திருப்போரில் எத்தனையோ பேர் ஆண்கள் அல்லரோ?

துணியைத் தெரிதல்

புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. ஒட்டுப் போர்வை தேய்ந்த துணியிலிருந்து பிறந்த பொருள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் படை படையாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத் தையலிட்டுக் 'காந்தா' என்னும் விரிப்புகளை ஆக்கிவந்தனர். நம் நாட்டிலே பௌத்த துறவியர் உடுக்கும் ஆடையுங்கூடத் துண்டுகளை இணைத்து அமைப்பதே. வரம்புகளாற் பிரிந்த மகத நாட்டு வயல்களைக் காட்டி, அவ்வாறே ஆடையை அமைக்கலாகுமா என்று புத்தபிரான் ஆனந்தரிடம் கேட்டதாக விநய நூல் கூறும். நம் வீடுகளிலும் பழைய நூற்சேலை ஏணையாகிப் பிள்ளையைத் தாலாட்டியபின், கிழிந்த பக்கம் நீங்கி மடித்துத் தைக்கப்பட்டுப் பிள்ளையின் கீழே விரிப்பாவதை நாம் கண்டிருக்கிறோம்.

துணி பருத்தியாக இருக்கவேண்டும். பட்டும் நைலோனும் வழுக்கும். பொலியெஸ்ரர் மடிப்பிலே நில்லாது. ஒன்பது துண்டுகளும் ஏறக்குறைய ஒரே தடிப்பாயிருப்பது நல்லது. சேலை மெல்லியதாயின் இரட்டையாக வைத்துக்கொள்ளலாம். தகப்பனாரின் பழைய சாரம் மிகச் சிறந்த துணி. அதிலே நெய்யப்பட்டுள்ள கட்டங்களே பிள்ளைக்குக் கோடாக உதவும். கடுஞ்சிவப்பு, கருநீலம் முதலிய நிறங்களையும் பத்திக் துணியையும் நனைத்து, வெள்ளைத் துணியொன்றினால் அழுத்திப் பார்க்கவேண்டும். சாயம் ஒட்டினால் அத்துணியை விலக்கிவிடுங்கள். எல்லாத் துணிகளையும் ஒருமுறை கழுவி உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். இல்லையேல் தைத்தபின் ஒரு துண்டு சுருங்கி மற்றத் துண்டுகளை இழுக்கும்.

நடுப்படைக்குப் பஞ்சு வாங்கவேண்டாம். நம் வெப்பத்துக்குத் தேய்ந்த துவாய்த் துண்டொன்றே போதும். ஊசியும் இலகுவாகச் செல்லும்.

எந்தத் துண்டு எந்த இடத்துக்கு என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். பச்சைக்குப் பக்கத்திலே ஊதா பொருந்தாது என்று உங்களுக்குத் தோன்றலாம். வாயைத் திறவாதீர்கள்.

வெட்டுதல்

தடித்த கடதாசி மட்டையிலே 5 அங்குலச் சதுரமொன்றை அடிமட்டம் வைத்துத் திருத்தமாக வெட்டிக் கொடுங்கள். இது ஒன்றே பெரியவர் திருத்தமாகச் செய்யவேண்டிய வேலை. மட்டை கோணினால் ஒன்பது துண்டுகளும் கோணும். பிள்ளை அதனைத் துணியின் மறுபக்கத்திலே வைத்துப் பென்சிலாற் சுற்றிவரக் கோடிட்டு வெட்டட்டும். பின்னர், அரை அங்குலம் உள்ளே தள்ளி மற்றொரு கோடு இடவேண்டும். இதற்கு 4 அங்குல மட்டையொன்றை நடுவில் வைத்துக் கோடிடுவது எளிது. இந்த உட்கோடே பிள்ளையின் ஊசி செல்லும் பாதை.

பழகியவர்கள் தையலுக்குக் கால் அங்குலமே விடுவர். பிள்ளைக்கு அரை அங்குலம் விடுங்கள். கோடு சிறிது தவறினாலும் துணி பிரிந்து வராது.

வெட்டிய ஒன்பதையும் பாயிலே அடுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் 1 முதல் 9 வரை இலக்கமிடச் செய்யுங்கள். வீட்டிலே ஐந்து வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் அடுக்கும் வேலையும் இலக்கமிடும் வேலையும் அவர்களுக்கு உரியன. தமக்கென ஒரு வேலை இருக்கும் பிள்ளை ஊசிப் பெட்டியைக் கவிழ்ப்பதில்லை.

தைத்தல்

ஊசி மிகச் சிறியதாக இருக்கக்கூடாது. கண் நீண்ட பூத்தையல் ஊசி பிள்ளையின் விரலுக்கு ஏற்றது. நூல், பிள்ளையின் விரல் நுனியிலிருந்து தோள் வரையுள்ள நீளத்துக்கு மேற்படாதிருக்கட்டும். நீளமான நூல் சிக்குப்படும். குண்டூசிகளைப் பத்து என்று எண்ணிக் கொடுத்து, வேலை முடிந்ததும் பத்து என்று எண்ணி வாங்குங்கள். பிள்ளையே எண்ணிப் பிஸ்கற் பேணியிலே போடட்டும்.

முதலாம் இரண்டாம் துண்டுகளின் நற்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, உட்கோட்டின்மேல் மேலுங் கீழுமாக ஓட்டுத் தையல் இடவேண்டும். அங்குலத்துக்கு நான்கு தையல் போதும். ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை ஊசியைப் பின்னே கொண்டுவந்து ஒரு பின்தையல் இட்டால் இணைப்பு விட்டுப்போகாது. இவ்வாறு மூன்று துண்டுகள் கொண்ட மூன்று வரிசைகள் ஆகும்.

ஸ்திரிக்கைப் பெட்டி பெரியவர் கையிலேயே இருக்கட்டும். முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் தையல் மடிப்புகளை வலப்புறமாகவும், நடு வரிசையில் இடப்புறமாகவும் அழுத்திவிடுங்கள். அப்பொழுது வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அணைந்து நிற்கும், மூலைகளும் பொருந்தும்.

மேற்பக்கம் முடிந்ததும், அதே அளவிலே துவாய்த் துண்டையும் அடித்துணியையும் வெட்டிக்கொள்ளுங்கள். துவாயைக் கீழே விரித்து, அதன்மேல் அடித்துணியை நற்பக்கம் மேலாகவும், அதன்மேல் துண்டுத் துணியை நற்பக்கம் கீழாகவும் வைத்துக் குண்டூசியிட்டு, சுற்றிவர அரை அங்குலம் உள்ளே தைக்க வேண்டும். ஒரு பக்கத்தின் நடுவிலே 4 அங்குலம் திறந்திருக்கட்டும். நான்கு மூலைகளிலும் மிகுதித் துணியைச் சரிவாக நறுக்கி, திறப்பின் வழியாக முழுவதையும் வெளியே திருப்பினால் போர்வை நற்பக்கம் காட்டி வரும். எமது அநுபவத்திலே பிள்ளை வாய் பிளந்து நிற்கும் நேரம் இதுவே. ஆகவே, திருப்பும் வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். பின்னர் திறப்பை மடித்துத் தைக்கவேண்டும்.

இறுதியாக, நான்கு சதுரங்கள் சந்திக்கும் இடங்கள் நான்கு உண்டு. தடித்த பூத்தையல் நூலை ஊசியிற் கோத்து, ஒவ்வொரு சந்தியிலும் மேலிருந்து கீழே இறக்கி, சற்றுத் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முடிச்சு இட்டு, அரை அங்குலம் விட்டு நறுக்கவேண்டும். மூன்று படைகளும் இதனால் ஒன்றாகிவிடும். முடிச்சு நூல் இருப்பதால் இதனைக் கைக்குழந்தையின் ஏணையிலோ தொட்டிலிலோ இடவேண்டாம், பாவைப்பிள்ளைக்கு மட்டுமே.

கையைக் கட்டிக்கொண்டிருத்தல்

தாய்க்குரிய கடினமான பாடம் இனித்தான் வருகிறது. தையல் வளையும். ஒரு மூலை அரை அங்குலம் விலகி நிற்கும். ஒரு துண்டு மறுபக்கம் வெளியே தெரியத் தைக்கப்பட்டுவிடும். இவற்றைக் கண்டும் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். விரல் நுழையுமளவு இணைப்பு விட்டிருந்தால், "இந்த இடத்தைப் பார், துவைத்தால் பிரியுமோ?" என்று மட்டும் கேளுங்கள். பிரித்துத் தைப்பதோ, மேலும் இரண்டு தையல் போடுவதோ, அப்படியே விடுவதோ அதனைத் தைத்தவளின் தீர்மானம். பிரிப்பதாயின் அவளே பிரிக்கட்டும். நேரே தைத்து எப்படி என்று காட்ட விரும்பினால், நீங்களும் ஒன்பது துண்டுகளை எடுத்துப் பக்கத்திலிருந்து வேறொரு போர்வையைத் தையுங்கள். பிள்ளை பார்த்துப் படித்துக்கொள்ளும்.

கோணலான தையலிலும் அழகு உண்டு என்பதற்குப் பெரியதொரு சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, ஆறொன்றின் வளைவிலே, 'ஜீஸ் பெண்ட்' என்றொரு சிற்றூர் உண்டு. அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலிலே உடுத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டித் தம் பிள்ளைகளுக்குக் குளிர் தாக்காதிருக்கப் போர்வை தைத்தனர். அவர்களுடைய கோடுகள் அடிமட்டத்தின் நேருக்கு அடங்கியவையல்ல. சதுரங்கள் சாய்ந்தும் நீண்டும் இருக்கும். அப்போர்வைகள் 2002 ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிச்சாலையிலும், பின்னர் நியூயோர்க் நகரத்து விட்னி காட்சிச்சாலையிலும் ஓவியங்களைப் போலச் சுவரிலே தொங்கவிடப்பட்டன. 2006 ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் முத்திரைகளிலும் அவை இடம்பெற்றன. இரவிலே யாராவது எழுந்து அக்கோடுகளை நேராக்கியிருந்தால், அவற்றை யார் பார்க்கப் போகிறார்கள்?

நாம் பிந்திக் கற்றது

சென்ற ஆண்டு விடுமுறைக்கு, மேலே சொன்ன எமது மகளின் பிள்ளைகள் இருவரும் எம்மிடம் வந்து நின்றனர். பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. பாவைப்பிள்ளைக்குப் போர்வை தைக்கலாமா என்று பேத்தி கேட்டதும், தாயிடம் தொலைபேசியிலே சொன்னோம். மகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "தையுங்கோ அம்மா. ஆனால் இரவிலே பிரித்துப் போடாதேங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆயினும், முப்பது ஆண்டுகளாக அவள் அதனை மறக்கவில்லை என்பது எமக்கு அப்பொழுதுதான் தெரிந்தது.

துணி தேடி அலுமாரியைத் திறந்தபோது, அவளுக்கு ஏணை கட்டிய எமது தாயாரின் நூற்சேலை கையிலே பட்டது. "அம்மம்மா, இதிலும் ஒரு துண்டு வேண்டும்" என்றாள் பேத்தி. எமக்கு மனம் வரவில்லை. பெட்டியிலே மடித்தபடி இற்றுப் போவதைவிட ஒரு பிள்ளையின் கையிலே தேய்வது மேல் என்று பிற்பகலிலே தோன்றிற்று. முந்தானைக் கிழிசலுக்குப் பக்கத்திலே இரண்டு சதுரங்கள் வெட்டி ஒன்றாக வைத்தோம். பேரன் அதனை நடுவிடத்திலே அடுக்கி, மறுபக்கத்திலே 5 என்று தலைகீழாக எழுதினான்.

போர்வை முடியப் பதினைந்து நாட்கள் சென்றன. ஏழாம் இலக்கத் துண்டு மறுபக்கம் வெளியே தெரியத் தைக்கப்பட்டது. அதனைப் பேத்தி தானாகவே கண்டுபிடித்து, நெடுநேரம் யோசித்து, "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். இரவிலே பிஸ்கற் பேணி மேசைமேலேயே இருந்தது. எமது கை இரண்டொரு முறை அதன் பக்கம் சென்றது என்பதை மறைக்கமாட்டோம். ஆனால், மூடியைத் திறக்கவில்லை.

பிள்ளைகளை அழைத்துச் செல்ல மகள் வந்தபோது, பேத்தி ஓடிப்போய்ப் போர்வையை அவள் கையிலே கொடுத்தாள். மகள் அதனை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தாள். வளைந்து சென்ற இணைப்பொன்றின்மேல் விரலை ஓட்டினாள். "எங்கடை பழைய வரிசைகள் இன்னும் இருக்குதோ, அம்மா?" என்று கேட்டாள். மேசை துடைத்தே தீர்ந்துவிட்டன என்று உண்மையைச் சொன்னோம். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. போர்வையை மடித்துத் தன் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். சாக்கை உங்கள் மகளின் முன்னே கொட்டுங்கள். அவள் விரும்பும் ஒன்பது துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பின்னர் மிகுதியை உள்ளே போட்டுச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள். கட்டில் விரிப்புக்கு அவசரமில்லை. இந்தப் போர்வையை அவள் தன் கையால் முடித்துவிட்டால், அடுத்த விடுமுறையிலே அந்தச் சாக்கை அவளே அவிழ்ப்பாள்.